பொருட்காட்சி ஸ்டாலில் யாரைத் தேடுகிறோம்?

நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, கையில் கேட்லாக்கும் பை நிறைய மாதிரிப் பொருளுமாக நிற்கும் பெண்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, கூடப் படிச்சவங்கன்னு எல்லார்கிட்டயும் வித்தாச்சு. இனிமே யார்கிட்ட போறது? எங்க அப்பார்ட்மென்ட்ல தீபாவளி மேளா போடறாங்க. ஒரு ஸ்டால் எடுத்துப் பாக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் எதற்காக எடுக்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். டீ வந்துவிட்டது, உட்காருங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் ஸ்டால் வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை விரிப்பு, மாதிரிப் பொருள், ஆட்டோ, சாப்பாடு என்று இன்னொரு 1,500. ஆக 4,500. உங்கள் சில்லறை லாபம் நூற்றுக்கு 20 ரூபாய் என்றால், போட்ட பணம் அன்றைக்கே கைக்கு வர 22,500 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். ஆளுக்கு 300 ரூபாய்க்கு வாங்கினாலும் 75 பேர் வாங்க வேண்டும். மாலை நான்கு மணியிலிருந்து பத்து மணி வரை நடக்கும் மேளாவில், பானிபூரிக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில், முன்பின் தெரியாத ஒருவரிடம் 75 குடும்பம் பணம் எடுத்துக் கொடுக்குமா? அபூர்வமாக நடக்கும். அதை நம்பி இறங்க முடியாது.

அதே ஸ்டாலை வேறு விதமாகப் பாருங்கள். அன்றைக்கு ஒன்றுமே விற்கவில்லை. ஆனால் பத்துக் குடும்பங்களின் அறிமுகம் கிடைத்தது. அந்தப் பத்துப் பேரும் மாதம் 800 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார்கள் என்றால், ஒரு வீட்டுக்கு 160 ரூபாய் வீதம் மாதம் 1,600 ரூபாய் லாபம். மூன்றே மாதத்தில் ஸ்டால் செலவு கழிந்து 300 ரூபாய் மிச்சம். நான்காம் மாதத்திலிருந்து வருவதெல்லாம் உங்களுடையது. நான் சொல்ல வந்தது இதுதான்: ஸ்டால் கல்லாவை நிரப்பும் இடம் அல்ல. மறுபடி சந்திக்க ஒருவரிடம் முகம் பார்த்து அனுமதி வாங்கும் இடம். மேசையை எப்படிப் போடுவது, முதல் வார்த்தை என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இது இன்றைக்கு நேற்று கண்டுபிடித்ததும் அல்ல. நேரடி விற்பனை வளர்ந்த கதையே இப்படித்தான். நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த டேவிட் மெக்கானெல், புத்தகத்தோடு சின்னச் சின்ன வாசனைத் திரவியக் குப்பிகளை இலவசமாகக் கொடுத்தார். பெண்களுக்குப் புத்தகத்தைவிட அந்தக் குப்பி பிடித்துப்போனது. 1886-ல் அவர் வாசனைத் திரவியத் தொழிலையே தொடங்கினார். பிற்பாடு ஏவான் என்று உலகம் அறிந்த நிறுவனம் அதுதான். டப்பர்வேர் கதை இன்னும் நமக்குப் பக்கமானது. எர்ல் டப்பர் 1940-களில் காற்றுப் புகாத மூடி போட்ட டப்பாவைக் கடைகளுக்கு அனுப்பினார். அது அலமாரியிலேயே கிடந்தது. பொருளில் குறையில்லை. மூடியை எப்படி அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் என்று யாராவது செய்து காட்ட வேண்டியிருந்தது, கடையில் அதற்கு ஆள் இல்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி அதை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுபோனார். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி, கையில் கொடுத்து, மூடித் திறந்து பார்க்கச் சொன்னார். விற்பனை அத்தனை தூரம் ஏறியதால், 1951-ல் டப்பர் கடைகளிலிருந்து சரக்கையே திரும்ப எடுத்துக்கொண்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டும் விற்கத் தொடங்கினார். 1954-ல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் பிரவுனி வைஸ் படம் வந்தது. அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்.

நம் நாட்டிலும் 1982-ல் தொடங்கிய யுரேகா போர்ப்ஸ் கழுத்தில் டை கட்டிய இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி, தரைவிரிப்பிலிருந்து தூசியை உறிஞ்சிக் காட்டித்தான் வியாபாரத்தை வளர்த்தது. டப்பர்வேர் 1996-ல் இங்கே வந்தபோது நம் ஊர்ப் பெண்கள் கிட்டி பார்ட்டியிலும் அலுவலக மதிய இடைவேளையிலும் அதே டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்கள். பொருளைச் செய்து காட்டுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். கடைக்காரரிடம் இல்லாதது அது ஒன்றுதான், ஆகவே ஸ்டாலிலும் அதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

சரி, எந்தப் பொருட்காட்சி?

பெரிய கூட்டம் என்றதும் மனம் தாவும். சென்னைத் தீவுத்திடலில் பொங்கலை ஒட்டி நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சி, மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி, சேலத்தில் ஆடித் திருவிழாவோடு வரும் பொருட்காட்சி எல்லாம் பெரியவை. வாடகையும் பெரியது, நாட்களும் அதிகம். அங்கே வருபவர் எந்த ஊர்க்காரர் என்றே தெரியாது. ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் வந்தவர் உங்களிடம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டால், மூடி உடைந்தால்கூட உங்களைத் தேடி வரமாட்டார். கடைக்காரருக்கு அந்தக் கூட்டம் பொருந்தும். வீடு தேடிப் போய்க் கொடுக்க வேண்டிய உங்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு வேண்டியது சின்னக் கூட்டம், பக்கத்துக் கூட்டம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் நடத்தும் நவராத்திரி மேளா, பள்ளிக்கூடத்துக் கார்னிவல், சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகை, காலனி நலச் சங்கத்தின் பொங்கல் விழா, பெரிய அலுவலக வளாகத்தில் மகளிர் தினத்துக்குப் போடும் ஸ்டால்கள். ஸ்கூட்டியில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரம் என்று ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் 300 பேர் வரும் மேளா, வெளியே 30,000 பேர் வரும் மேளாவைவிட உங்களுக்கு மேல். அறுப்பின் பண்டிகையைத் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே வருபவர்கள் ஒருவரையொருவர் தலைமுறையாக அறிந்தவர்கள். ஒருவருக்கு நீங்கள் நேர்மையாக நடந்துகொண்டால் அந்த வாரமே பத்து வீட்டுக்குத் தெரியும். ஒருவரை ஏமாற்றினாலும் அப்படியே.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் தயங்காமல் விசாரியுங்கள். உங்கள் நிறுவனத்தின் பொருளையே வைத்து வேறு யாராவது ஸ்டால் எடுத்திருக்கிறார்களா? போன முறை ஸ்டால் போட்டவர்களில் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள்? இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் எந்த விளம்பர நோட்டீஸையும்விட நம்பகமானது. உங்கள் நிறுவனத்திடமும் கேளுங்கள். பல நேரடி விற்பனை நிறுவனங்கள் சரக்கைக் கடையில் வைத்து விற்கக் கூடாது என்றும், கண்காட்சியில் வைக்க முன் அனுமதி வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கின்றன. கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

காலமும் முக்கியம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் தேடுவார்கள். சித்திரை வெயிலில் வற்றல் வடாம் போட்டவர்கள் அதை வைக்க இடம் தேடுவார்கள். புரட்டாசியில் நவராத்திரி வந்தால் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கச் சின்னப் பொருள் 25, 30 என்று எண்ணிக்கையாக வேண்டும். வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்றால் தாம்பூலப் பையில் போடக் கேட்பார்கள். "இந்த வருஷம் நவராத்திரிக்கு என்ன வச்சுக் கொடுக்கப் போறீங்க?" என்று ஒரு மாதம் முன்னால் கேட்டு வைத்த கேள்வி, பெரிய ஆர்டராகத் திரும்பி வரும். அந்த 30 டப்பாவும் 30 வீட்டுக்குப் போகும். எண்ணிப் பாருங்கள், உங்கள் எண் ஒட்டிய 30 டப்பா.

ஸ்டால் அமைப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. மேசையை வாசலை அடைத்துப் போட்டுப் பின்னால் உட்கார வேண்டாம், பக்கவாட்டில் போடுங்கள். வருபவர் உள்ளே ஓர் அடி வைக்க வழி இருக்கட்டும். நாற்காலி வந்தவருக்கு, குறிப்பாகப் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும். நீங்கள் நில்லுங்கள். கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். கேட்லாக்கில் உள்ள அத்தனை பொருளையும் பரப்பாமல் ஏழெட்டுப் பொருள் மட்டும் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் விலையைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். நம் ஆட்களுக்கு விலை கேட்கக் கூச்சம். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று தூரத்திலிருந்தே நகர்ந்துவிடுவார்கள். விலை எழுதியிருந்தால் அந்தக் கூச்சம் தீர்ந்து, பொருளைக் கையில் எடுப்பார்கள்.

செய்து காட்டுவதற்கு வருவோம். ஒன்றே ஒன்று போதும், ஆனால் அது நம் வீட்டுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். சமையலறை டப்பா விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்ப்பது எல்லோரும் பார்த்த வித்தை. அதற்குப் பதில், மேளாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே கடை முறுக்கை இரண்டு பங்காக்கி, ஒன்றைச் சாதாரண டப்பாவிலும் மற்றதை உங்கள் டப்பாவிலும் போட்டு வையுங்கள். ஐப்பசி மழை ஈரத்தில் ஒரு வாரம் இருந்தால் போதும். ஸ்டாலில் இரண்டையும் திறந்து வைத்து, "ரெண்டையும் கடிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எது நமுத்திருக்கிறது, எது மொறுமொறுவென்று இருக்கிறது என்பதைப் பல் சொல்லிவிடும். அழகுசாதனப் பொருளானால் புறங்கையில் தடவிவிடுங்கள், முகத்தில் வேண்டாம். ஒவ்வாமை வந்தால் பழி உங்கள் மேல் விழும், அது நியாயமும்கூட. சலவைத் தூளானால் மஞ்சள் கறை பட்ட துணியைக் கண்ணெதிரே துவையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: வீட்டில் முதலில் நீங்களே செய்து பாருங்கள். முறுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அந்த டெமோவைக் காட்டாதீர்கள். அந்தப் பொருளை விற்பதைப் பற்றியே இன்னொரு தடவை யோசியுங்கள்.

முதல் வார்த்தை என்ன? "மேடம், ஒரு நிமிஷம்" என்றால் நிற்கமாட்டார்கள். அந்த ஒரு நிமிடம் கால் மணி நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். "வாங்க" என்று சொல்லுங்கள், பொருள் தீர்த்துவைக்கும் தொல்லையைக் கேள்வியாகக் கேளுங்கள். "இட்லி மாவு எதுல வைக்கறீங்க, பொங்கி வழியுதா?" "ரவையில வண்டு வருதா?" "பாப்பா டிபன் பாக்ஸ்ல ரசம் ஒழுகுதா?" இப்படிக் கேட்டால் பதில் வரும், பதிலோடு ஒரு கதையும் வரும். அந்தக் கதையைக் கேளுங்கள். இடையில் புகுந்து "அதுக்குத்தான் எங்ககிட்ட..." என்று ஆரம்பிக்காதீர்கள். முழுவதும் சொல்லி முடிக்கட்டும். தன் அடுக்களையைப் பற்றி ஒரு பெண் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர் அவள் வீட்டிலேயே குறைவு. கேட்டவரை அவள் மறக்கமாட்டாள்.

வருபவர்களில் சிலர் முறுக்குக்கு வருவார்கள். வரட்டும், மலர்ந்த முகத்தோடு கொடுங்கள். சிலர் குறிப்பாக ஒரு பொருளைக் கேட்பார்கள், அவர்கள் வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அவர்களைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "எங்க வீட்லயும் இது இருக்கு. மூடி போயிடுச்சு. வித்த அக்கா ஊர் மாறிட்டாங்க, இப்ப யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல." இந்தத் தொழிலில் சேர்பவர்கள் பலர் சில மாதங்களிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் நம்பி வாங்கியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் நடுவழியில் நிற்கிறார்கள். பொருளின் மேல் குறை இல்லாதவர்கள், ஆள் மட்டும் இல்லாதவர்கள். நிறுவனங்களும் ஆடிப்போகின்றன. டப்பர்வேரே 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஆகவே வாங்கியவர்களுக்குக் கவலை இருப்பது இயல்பு.

இவர்களிடம் அன்றைக்கு எதையும் விற்க வேண்டாம். என்ன மாடல், என்ன அளவு, எப்போது வாங்கியது என்று குறித்துக்கொண்டு, "உத்தரவாதத்துல வருமான்னு கேட்டுச் சொல்றேன். வரலைன்னாலும் வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிடுவேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லாத அந்த ஒரு மூடி, அந்த வீட்டின் அடுத்த பத்து வருட வியாபாரத்தைக் கொண்டுவரும். மேசை மேல் ஓர் அட்டையில், "பழைய டப்பாவுக்கு மூடி வேண்டுமா? கேளுங்கள்" என்று எழுதி வைத்தாலே போதும். எந்தத் தள்ளுபடி அட்டையும் கொண்டுவராத ஆட்களை அது கொண்டுவரும்.

இப்போது பெயர்ச் சீட்டு விஷயம். குலுக்கல் பெட்டி வைத்து, "பேர், போன் நம்பர் எழுதிப் போடுங்க, பரிசு" என்று அழைப்பது எல்லாப் பொருட்காட்சியிலும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, கணவர் மனைவி ரெண்டு பேரும் ஹோட்டலுக்கு வாங்க" என்று அழைத்து, மூன்று மணி நேரம் உட்காரவைத்து விடுமுறைத் திட்டம் விற்பார்கள். இந்த அனுபவம் பட்ட குடும்பங்கள் அனேகம். அதனால் இன்று பெட்டியைக் கண்டாலே தவறான எண்ணை எழுதிப் போடுகிறார்கள். நூறு சீட்டு சேர்ந்தது என்று நீங்கள் மகிழலாம், அழைத்துப் பார்த்தால் பரிசுக்காக எழுதியவர்களும் பொய் எண்களும்தான் மிஞ்சும். என் கருத்து, பெட்டி வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் பரிசு உங்கள் பொருளாகவே இருக்கட்டும், அது வேண்டுபவர் மட்டும் எழுதுவார். அன்று இரவே எல்லோர் முன்னிலையிலும் குலுக்கிக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிட நல்லது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். பேசி முடித்து, அவருக்கு விருப்பம் இருக்கிறது என்று தெரிந்தபின், "இதைப் பத்தி உங்களுக்கு போன் பண்ணலாமா? எத்தனை மணிக்குப் பண்ணினா தொந்தரவு இருக்காது?" என்று கேளுங்கள். பெயர், எண், எந்தப் பிளாக், என்ன கேட்டார், எப்போது அழைக்கலாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாமா கூடாதா என்று எழுதுங்கள். அவர் நகர்ந்ததும் உங்களுக்கு மட்டும் விளங்க ஒரு குறிப்பு: 'பச்சைச் சுடிதார், மாமியாருக்கு முழங்கால் வலி, ரவையில் வண்டு.' இரவில் நாற்பது முகமும் ஒன்றாகக் குழம்பும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். அனுமதி தராதவர் எண்ணை எந்தக் குழுவிலும் சேர்க்காதீர்கள், வேறு ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் சொந்தத் தகவலைப் பாதுகாப்பது நல்ல பழக்கம் என்பதோடு, நேரடி விற்பனையாளருக்குச் சட்டம் விதித்த கடமையும்கூட.

சட்டம் என்றதும் பயப்பட வேண்டாம், அது உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2021 டிசம்பர் 28-ல் நேரடி விற்பனைக்கென்று தனி விதிகளை அறிவித்தது. பேச்சைத் தொடங்கும்போதே உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், என்ன பொருள், எதற்காகப் பேசுகிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். விலை, திருப்பித் தரும் முறை, உத்தரவாதம் எல்லாம் முழுமையாகத் தெரிவிக்க வேண்டும். முதல் விற்பனையின்போதோ அதற்கு முன்போ ஆர்டர் படிவம் தர வேண்டும். அதில் உங்கள் பெயர், முகவரி, பதிவு எண், தொலைபேசி, பொருளின் விவரம், மொத்தத் தொகை, ஆர்டரை ரத்து செய்யும் உரிமை எல்லாம் இருக்க வேண்டும். அடையாள அட்டையும் முன்கூட்டியே பேசி வைத்த நேரமும் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. நிறுவனம் அங்கீகரிக்காத எதையும் பொருளைப் பற்றிச் சொல்லக் கூடாது. அந்த அடையாள அட்டையை ஸ்டாலில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி நடக்கும் ஆள் என்பது கண்ணுக்குத் தெரிவதே பாதி நம்பிக்கை.

சத்துமாவு, மூலிகை மாத்திரை வகை விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "இதைச் சாப்பிட்டா சர்க்கரை போயிடும்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. நீரிழிவு உள்ளிட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். நம் வார்த்தையை நம்பி ஒரு பெரியவர் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

ஸ்டாலில் பேசக் கூடாத இன்னொரு விஷயம், ஆள் சேர்ப்பு. மேலே இருப்பவர்கள் உங்களை நெருக்குவார்கள், "கஸ்டமரைப் பிடிக்காதே, டீமைப் பிடி" என்பார்கள். கேட்காதீர்கள். "வீட்டிலிருந்தே மாதம் இத்தனை ஆயிரம்" என்று ஒரு பலகை வைத்த ஸ்டாலை நம் மக்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்? 2012-ல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டுத் தெருவுக்கு வந்தவர்களின் உறவுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் சீட்டு, தங்கம், வட்டி என்று எத்தனையோ. முன்பின் தெரியாதவர் 'வருமானம்' என்று வாயெடுத்ததும் அவர்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது அனுபவம் கற்றுக்கொடுத்தது. ஆட்களைச் சேர்ப்பதற்காகவே பணம் கைமாறும் பிரமிடு திட்டங்களை அந்த 2021 விதிகள் தடைசெய்கின்றன. சேர்வதற்குக் கட்டணம் வாங்குவதையும் தடுக்கின்றன. யாராவது தானாகவே, "நானும் செய்யலாமா அக்கா?" என்று கேட்டால், "முதல்ல ரெண்டு மாசம் பொருளை உபயோகிச்சுப் பாருங்க, அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். பேசும் நாளில் உங்கள் வரவையும் செலவையும் இரண்டையும் காட்டுங்கள்.

மேளா முடிந்துவிட்டது. வேலை இப்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலான ஸ்டால்கள் வீணாவது இந்த இடத்தில்தான். களைத்துப்போய் நோட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து எடுத்து அழைத்தால், "எந்த மேளா? நீங்க யாரு?" என்பார்கள். அன்று இரவே, வாட்ஸ்அப்புக்குச் சம்மதித்தவர்களுக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடாதீர்கள். "ரவையில் வண்டு வருகிறது என்று சொன்னீர்களே, அந்த அளவு டப்பாவின் படமும் விலையும் இதோ. செவ்வாய் நான்கு மணிக்கு அழைக்கிறேன்" என்பது போல. செவ்வாய் நான்கு மணிக்கே அழையுங்கள், நான்கரைக்கு அல்ல. காலைச் சமையல் நேரத்திலும் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் நேரத்திலும் வேண்டாம். இப்போது வேண்டாம் என்றால், "எப்ப கூப்பிடலாம்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அதற்கும் பிடிகொடுக்கவில்லையா, நன்றி சொல்லிப் பெயரை அடித்துவிடுங்கள். துரத்தி வாங்கவைத்தவர் திரும்பி வரமாட்டார்.

பொருளைக் கொடுக்கப் போகும் அன்று அரை மணி நேரம் ஒதுக்கி, மூடி போடுவது, கழுவுவது, எதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் அங்கேயே காட்டிவிட்டு வாருங்கள். பில்லைக் கையில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து எதையும் விற்காத ஓர் அழைப்பு, "நல்லா இருக்கா, ஏதாவது சிரமமா?" என்று. "பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு கேக்கறாங்க, ஒரு நாள் வந்து காட்டறீங்களா?" என்ற வார்த்தை பெரும்பாலும் அந்த அழைப்பில்தான் வரும். அந்த வரவேற்பறைக்குப் போக ஸ்டால் வாடகை கிடையாது.

ஆகவே ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன் காலண்டரை எடுத்துப் பாருங்கள். மேளாவுக்கு அடுத்த வாரம் நான்கு மாலை உங்களுக்கு ஓய்வாகக் கிடைக்குமா? பிள்ளைகள் பரீட்சை, வீட்டில் விசேஷம், ஊருக்குப் போகும் வேலை எதுவும் இல்லையே? இல்லையென்றால் தைரியமாக எடுங்கள். இருக்கிறது என்றால் இந்த மேளாவை விட்டுவிட்டு, அடுத்ததற்குப் பெயர் கொடுங்கள்.